மூக்குத்திக்கு அடியில் மேரி டீச்சர்

ஆரோக்கியமேரி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் முகம் முழுக்கப் பயத்தமாவைக் குழைத்துப் பூசிக்கொண்டு திண்டிவனத்தில் என் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. விழுப்புரம் பஸ்ஸின் கண்டக்டர், தன் மகளை என் வகுப்பில் படிக்க வைத்தவர், வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வாசலில் வந்து கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, ஜல்தியா வெளிய வாங்க. ஒரு சேதி."

இந்தக் கோலத்தில் ஒரு ஆண்பிள்ளை முன்னால் எப்படிப் போவது? கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, "இருங்க, மூஞ்சி கழுவிக்கினு வர்றேன்" என்றேன். முகம் கழுவுவதில் அவசரமே கூடாது என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். வெதுவெதுப்பான தண்ணீரை அள்ளி விட்டு, மாவு தானாகக் கரையும்வரை பொறுத்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். நான் ஒற்றி முடிப்பதற்குள் டிரைவர் பலமுறை ஹாரன் அடித்துவிட்டார்.

"விழுப்புரம் மேரி டீச்சர் விடியக்காலைல தவறிட்டாங்கம்மா. காமாலைன்னு சொன்னாங்க. போற வழியில உங்களுக்குச் சொல்லிடுன்னாங்க" என்றார் கண்டக்டர். சொல்லிவிட்டு, இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்தாய் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படிப் பொறுமையாக முகம் கழுவ எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே மேரி டீச்சர்தான். அவருடைய சாவுச் செய்தியைத்தான் நான் வாசலில் காக்கவைத்திருந்தேன்.

அந்த பஸ் விழுப்புரத்துக்குத் திரும்பும்போது அதிலேயே ஏறினேன். காதோரம் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

அவரிடம் படித்த உங்களுக்கு, இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? முகையூர்ப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர். சயின்ஸ் டீச்சர். தவளையைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் வந்து, முன்வரிசைப் பிள்ளைகளைப் பின்வரிசைக்கு ஓடவிட்டவர். "பாத்துட்டுச் சொல்லு. சொல்லிட்டுப் பாக்காத" என்று ஒரு நாளில் எத்தனை தரம் சொல்வார் என்று எண்ணிப் பந்தயம் கட்டியவர்கள் உங்களில் இருக்கிறார்கள். என் விஷயத்தில் மட்டும் அவர் சொல்லிவிட்டுத்தான் பார்த்தார். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்துப் பெண்கள் பள்ளிக்குத் தமிழ் டீச்சராக வந்தேன். மேரி டீச்சர் என்னைவிடச் சற்று மூத்தவர். ரயில்வே ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரே அறையை இருவரும் வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். அவர் தமிழ் இலக்கணத்தைக் கிண்டல் செய்வார், நான் அவருடைய தவளைகளை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வேன். மற்றபடி எங்களுக்குள் சண்டை கிடையாது.

என் முகம்தான் என் தொல்லை. மூக்கிலும் மோவாயிலும் நெற்றி ஓரத்திலும் எள்ளைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். பெருமுக்கல் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற வீடு எங்களுடையது. எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. தலையில் வைத்தது வழிந்து நெற்றிக்கு வந்தால்தான் என் அம்மாவுக்கு எண்ணெய் வைத்த திருப்தி வரும். புள்ளிகளைப் பார்த்தால், "மூஞ்சிய ஒழுங்கா கழுவுடி, அழுக்கு அப்பிக்கினு கெடக்குது" என்பாள். விழுப்புரம் வந்த பிறகு வீட்டுக்கார அம்மா வேறு காரணம் சொன்னார்: "ஜங்ஷன் பக்கம் குடி வந்தா இன்ஜின் கரி மூஞ்சில படியத்தாம்மா செய்யும்." நானும் நம்பினேன். கரிதானே என்று பீர்க்கங்கூட்டை எடுத்துத் தேய்தேயென்று தேய்ப்பேன். முகம் எரியும். எரிச்சலுக்கு ஸ்நோ, ஸ்நோவுக்கு மேல் பவுடர். வெள்ளைக்கு நடுவில் கறுப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் எள்ளடை டீச்சர். அது என் காதில் விழுந்த நாளிலிருந்து நான் போர்டைப் பார்த்தே பாடம் நடத்தலானேன். எழுத ஒன்றும் இல்லாதபோதும் சாக்குக்கட்டியும் கையுமாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று மனத்துக்குள் முடிவும் கட்டியிருந்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு முகத்தில் உள்ள எள்ளளவு புள்ளி எவ்வளவு பெரிது என்பது, அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு மறந்துபோகிறது.

மேரி டீச்சரின் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. ஒருநாள் சாயங்காலம் அறைக்கு வந்ததும் கேட்டார்.

"நீ பாடம் நடத்துறது புள்ளைங்களுக்கா, போர்டுக்காடி?"

நான் அழுதுவிட்டேன். ஊருக்குப் போகப் போவதையும் சொல்லிவிட்டேன். அவர் என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, தவளையைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். "இதுக்கா ஊருக்குப் போற? ஒரு வாரத்துல தொடச்சி வுட்டாப்பல ஆக்கிடறேன், பாரு" என்றார்.

ஏதோ ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் அவர் படித்திருந்தாராம். முகத்துக்கு ஆவி பிடித்து, நுனியில் ஓட்டை உள்ள சாவியைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். அவருடைய டிரங்குப் பெட்டியின் சாவி அப்படிப்பட்டது. சனிக்கிழமை மத்தியானம் அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்தார். சளி பிடித்தால் வேது பிடிப்பதுபோலப் போர்வையால் என்னை மூடினார். பிறகு ஜன்னலோரம் உட்காரவைத்து, மூக்கில் சாவியை வைத்தார்.

முதல் புள்ளி சுலபமாக வந்தது. அதை நகக்கண்ணில் எடுத்து என் கண் முன்னால் நீட்டினார். ரவையை விடச் சிறிய ஒரு துணுக்கு. வெள்ளையாக, மெழுகுபோல. தலை மட்டும் கறுப்பு.

"பாருடி தனம்! இது அழுக்கே இல்ல. கரியும் இல்ல. உன் தோலு சொரக்கிற எண்ணெய்தான். வாய் தெறந்து கெடக்கறதால காத்து பட்டுத் தலை கறுத்துப் போச்சு. நீ எத்தினி தேச்சாலும் போவாது, ஏன்னா தேய்க்க அங்க அழுக்கே கெடையாது!"

எனக்கு அன்று நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. நான் அழுக்கானவள் இல்லை என்று முதன்முதலாக ஒரு மனுஷி என்னிடம் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில், "இன்னும் எடுங்கக்கா" என்றேன். அவருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. ஒன்று வர, அடுத்தது. வராததை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மூக்கின் வலப்பக்கம், மூக்குத்தி குத்துகிற இடத்தில், ஒன்று வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்கும் மேரி டீச்சருக்கும் போட்டியே நடந்தது. கடைசியில் ரத்தம்தான் வந்தது.

மறுநாள் கண்ணாடி பார்த்தேன். சாவி வைத்த இடமெல்லாம் வட்டவட்டமாகச் சிவந்திருந்தது. வட்டத்துக்கு நடுவில், வராமல் நின்றுவிட்ட புள்ளிகள் முன்னைவிடக் கறுப்பாக இருந்தன. "நாளைக்கு அமுங்கிடும்டி" என்றார் டீச்சர். அமுங்கவில்லை. திங்கட்கிழமை பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது போர்டைப் பார்த்து நிற்க முடியுமா? பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே கேட்டது.

"கரும்புள்ளி செம்புள்ளி குத்தியாச்சு. கழுதை எங்கடி?"

தப்புச் செய்தவர்களை முகத்தில் அப்படிப் புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றவைப்பார்கள் என்று கதைகளில் நானே அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். வகுப்பே சிரித்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவும் உதட்டை மடித்துக்கொண்டார். என் முகம் இன்னும் சிவந்திருக்கும், அதில் வட்டங்கள் மறைந்துபோயிருந்தாலும் ஆச்சரியமில்லை. தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்த மேரி டீச்சர், கையில் பிரம்போடு அப்படியே என் வகுப்புக்குள் வந்தார். உத்தரவு கேட்கவில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா முன்னால் நின்று சொன்னார்.

"அம்மா, குத்தினது நானு. சயின்ஸ் தெரியும்னு நெனச்சி டீச்சர் மூஞ்சில சாவிய வெச்சி அழுத்திட்டேன். கழுதை மேல ஏத்தறதா இருந்தா என்ன ஏத்துங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

சிரிப்பு நின்றது. அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டீர்கள். அனுமதி இல்லாமல் நுழைந்ததற்காகத் தலைமையாசிரியை அவருக்கு மெமோ கொடுத்தார். எனக்கு நன்றி வந்ததா என்றால், அன்று வரவில்லை. வெட்கம்தான் இரண்டு மடங்காகியது. அதுவரை என் முகத்தில் ஏதோ ஒன்று என்றுதான் ஊருக்குத் தெரியும். இப்போது என் மூக்கின்மேல் சாவி வைத்த கதை கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. சாயங்காலம் முழுக்க அவரோடு பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அந்த வாரமே மூக்கின் வலப்பக்கம் வீங்கிச் சீழ் வைத்தது. ஜுரம் வந்தது. மேரி டீச்சர் என்னைக் குதிரை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த லேடி டாக்டர் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி: "அந்தச் சாவியக் கொதிக்க வெச்சீங்களா?"

அண்டா நிறையத் தண்ணீர் கொதித்தது. சாவியை அதில் போட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

டாக்டர் சொன்னவை எல்லாம் சாதாரண விஷயங்கள். நகமோ சாவியோ ஊக்கோ முகத்தின் அருகிலேயே வரக்கூடாது. காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போதும், அதற்கு மேல் கழுவினால் தோல் வறண்டு கெடும். பீர்க்கங்கூடு பாத்திரத்துக்குத்தான். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றிக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்நோவையும் பவுடரையும் நிறுத்த வேண்டும், அவை தோலின் துவாரத்தை அடைத்துவிடும். தலையணை உறையை அடிக்கடி துவைக்க வேண்டும். "மாசக்கணக்கா ஆவும். போயிடும், திரும்பியும் வரும். வந்தா என்ன, உன்ன முழுங்கிடவா போவுது?" என்றார்.

அறைக்கு வந்ததும் மேரி டீச்சர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டுபோய் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த குட்டையில் எறிந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் பெட்டிக்குப் பூட்டே கிடையாது. ஏன் டீச்சர் பூட்டுவதில்லை என்று கேட்டவர்களுக்கு, "உள்ள என்ன இருக்குது, ரெண்டு புடவை" என்பார். காரணம் எனக்குத் தெரியும்.

பயத்தம்பருப்பை அவரே அரைத்து, மல்துணியில் சலித்து, நறநறப்பு இல்லாமல் எனக்கு வைத்துக்கொடுத்தார். "தேய்க்காத. ஊற வுடு. ஒத்தி எடு" என்று பக்கத்திலேயே நின்று சொல்வார். என் தலையணை உறையை நான் துவைக்க மறந்த நாளில் அவர் துவைத்துக் காயப்போட்டிருப்பார். அந்த வருஷம் முடிவதற்குள் முகம் ஓரளவு தெளிந்துவிட்டது. நான் போர்டை விட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். ஊருக்குப் போகிற பேச்சு அதோடு போயிற்று.

மூக்கின் வலப்பக்கத்தில் மட்டும் ஒரு குழி நின்றுவிட்டது. மிளகு அளவுதான்.

அம்மா ஊரிலிருந்து பார்க்க வந்தாள். அவள் வரும்போதெல்லாம் தன் செம்பையும் தண்ணீரையும் தானே கொண்டு வருவாள். மேரி டீச்சர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல இருப்பார், எனக்குத்தான் தலை குனிந்துபோகும். குழியைப் பார்த்த அம்மா, டீச்சர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தே குரலை உயர்த்தினாள்.

"அவ கைய ஏண்டி உன் மூஞ்சில வெக்க வுட்ட?"

"நான்தாம்மா வெக்கச் சொன்னேன்" என்றேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. பெற்ற தாய்க்காக நான் அன்று பட்ட வெட்கத்துக்கு முன்னால் கரும்புள்ளி வெட்கம் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து மேரி டீச்சர் என் கண்ணைப் பார்த்துப் பேசவே இல்லை. என்ன பேசினாலும் பார்வை மூக்குக்குப் போய்விடும். சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார், குழியைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றுவிடும். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, மறந்துடுங்க" என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுவார். மறுபடி மூக்கைப் பார்ப்பார். என் முகத்தால் நான் வெட்கப்பட்டது போதாதென்று, இப்போது அவர் வெட்கப்பட ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒரு சிநேகிதியின் முகமே கிடைக்காமல் போனது.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்த சமயம், ஒரு நாள் அவரிடம் சொல்லாமல் ஆசாரியிடம் போனேன். மூக்குக் குத்த வேண்டும், அந்தக் குழியிலேயே குத்த வேண்டும் என்றேன்.

"தழும்புல வேணாம்மா, சீ புடிச்சிக்கும். கொஞ்சம் மேல குத்தறேன்" என்றார் ஆசாரி. நான் கேட்கவில்லை. இந்தத் தடவை ஊசியைக் கொதிக்கவைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். வலியில் உயிர்போயிற்று. சின்ன சிவப்புக் கல் மூக்குத்தி குழியை அடியோடு மூடிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காக என்று அம்மா நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

மேரி டீச்சர் என்னைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். பிறகு, எவ்வளவோ நாளைக்கு அப்புறம், என் கண்ணைப் பார்த்தார்.

"ஏய், எடுப்பா இருக்குதுடி" என்று சிரித்தார்.

பழைய சிரிப்பு திரும்பி வந்தது. கல்யாணமாகி நான் திண்டிவனத்துக்கு வந்த பிறகும், லீவு நாளில் பஸ் ஏறி வந்து, சலித்த பயத்தமாவுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசிவிட்டுப் போவார். அவரை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. குளிக்கும்போதும் மூக்குத்தியைக் கழற்ற மாட்டேன். எந்த நேரத்தில் வருவார் என்று யார் கண்டது?

விழுப்புரத்தில் அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. காமாலையின் மஞ்சள் தெரியக்கூடாது என்று யாரோ முகத்தில் பவுடரை அப்பியிருந்தார்கள். அவருக்கு ஆகவே ஆகாத பவுடர். துடைக்க எனக்குக் கை நீண்டது, அவ்வளவு பேர் முன்னால் துணிவு வரவில்லை. அப்போது அவரிடம் படித்த ஒரு பெண், கைக்குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஈரத்துணியோடு வந்தாள். "டீச்சருக்குப் புடிக்காதுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். அந்த ஒற்றலை எனக்குத் தெரியும். அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடித்துவிட்டு அவள் நிமிர்ந்து என் மூக்கைப் பார்த்தாள்.

"நீங்கதானே மூக்குத்தி டீச்சரு?"

"என்னம்மா?"

"எட்டாவதுல தோல் பாடம் எடுக்கும்போது சொல்லுவாங்க டீச்சர். வருசா வருசம் சொல்லுவாங்களாம். 'மூஞ்சில வர்றது அழுக்கு இல்ல, கிள்ளாதீங்க, குத்தாதீங்க, நான் ஒருத்தி மூஞ்சக் கெடுத்துட்டு நிக்கிறேன்'னு. 'அது என் கண்ணுல படக்கூடாதுன்னு அந்தக் குழியிலயே மூக்குத்தி குத்திக்கினு இருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கா. நீங்களும் போய்ச் சொல்லிடாதீங்க, மனசு ஒடிஞ்சிடுவா'ன்னு."

ஆக, இதைப் படிக்கிற உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எட்டாவது படித்த ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலும் ஜங்ஷனிலும் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னவர்கள் எத்தனை பேர்! ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. டீச்சர் சொன்ன பேச்சை அப்படிக் காப்பாற்றியிருக்கிறீர்கள். யாரை ஏமாற்றிவிட்டேன் என்று நான் இறுமாந்திருந்தேனோ அவர், எனக்காக ஏமாந்ததுபோல் சிரித்து, என் கண்ணைப் பார்த்துப் பேசியிருக்கிறார். அந்த ஒவ்வொரு பேச்சின்போதும் அவருக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும்? நினைக்க நினைக்க முகத்தைத் தூக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து திண்டிவனத்துக்கு வந்தேன். கிணற்றடியில் காலையில் குழைத்த மாவு கிண்ணத்தில் காய்ந்து கிடந்தது. கண்ணாடி முன்னால் நின்று மூக்குத்தியைக் கழற்றினேன். இத்தனை வருஷம் கழற்றாதது, சுலபத்தில் வரவில்லை. குழி அப்படியே இருக்கிறது, நடுவில் ஆசாரி போட்ட துளையோடு.

மறுநாள் அப்படியே வகுப்புக்குப் போனேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "மூக்குல என்னா டீச்சர்?" என்று கேட்டாள். என் அம்மாவுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அவளுக்குச் சொன்னேன். மேரி டீச்சரின் கை பட்ட இடம் என்றேன்.